மாஸ்டர்ஜியும் நானும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்க வந்தபோது தலைப்பையும் தாமே கொண்டு வந்திருந்தனர். "நார்சிஸிஸ்ட் ஆசாமிகளை அடையாளம் கண்டுகொள்வது எப்படி என்று எழுதுங்கள், அக்கா. பத்து அறிகுறிகள் போட்டால் போதும்; எல்லோரும் படிப்பார்கள்" என்றார் குழுவிலிருந்த தம்பி. நம் விடுதியில் இன்று அந்தச் சொல் படும் பாட்டை எண்ணினால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. கொடுத்த கடனைத் திருப்பித் தராதவன் நார்சிஸிஸ்ட். காதலை முறித்துக்கொண்டு போனவள் நார்சிஸிஸ்ட். ஆய்வுக் கட்டுரையில் மாணவன் பெயருக்கு முன்னால் தம் பெயரைப் போட்டுக்கொள்ளும் பேராசிரியரோ ஐயத்துக்கு இடமின்றி நார்சிஸிஸ்ட். நம் ஊரில் தலைக்கனம், ஜம்பம், மிதப்பு, பீற்றல் என்று ஆளுக்கும் அளவுக்கும் ஏற்றபடி வெவ்வேறு சொற்கள் வழங்கின. ஜம்பம் அடிக்கும் மாமாவை நாம் வீட்டை விட்டுத் துரத்தியதில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை போட்டோம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே சொல், அதுவும் நோயின் பெயர்!

பத்து அறிகுறிகளை எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லை ஒரு மனிதரின் முகத்தில் எறிந்து, அதனால் என்ன விளையும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். எறிந்ததும் விடுதியில் அல்ல. ஆஸ்பத்திரியில், அவருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டிய நாற்காலியில் அமர்ந்துகொண்டு. ஆகவே நண்பர்களே, பத்து அறிகுறிகளுக்குப் பதிலாக அந்த ஒரு மனிதரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். ஊர், வயது, குடும்ப விவரம் முதலிய அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது எங்கள் இருவருக்கும் இடையே நடந்ததை மட்டுமே. அவருடைய அனுமதியும் பெற்றிருக்கிறேன். அதைப் பெற்ற கதையைக் கடைசியில் கூறுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரோமானியக் கவிஞர் ஆவிட் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் பாடிய கதையில் நார்சிஸஸ் என்னும் அழகன் வருகிறான். குளத்து நீரில் தன் நிழலைக் கண்டு மோகித்து, அதை விட்டுப் பிரிய மாட்டாமல் அங்கேயே உருகி மாய்கிறான். அந்த உருவம் தன்னுடையதுதான் என்பது முதலில் அவனுக்குத் தெரியவே தெரியாது. வேறொருவன் என்றே எண்ணி ஏங்குகிறான். பலரும் மறந்துவிடும் செய்தி இது. தன்னையே அறியாதவன் அவன். 1898-ல் ஆங்கிலேய அறிஞர் ஹாவ்லக் எல்லிஸ் ஒருவகை மனப்போக்கைக் குறிக்க இவனை உவமையாக்கினார். மறு ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பவுல் நெக்கே அதை ஒரு சொல்லாகவே ஆக்கினார். 1914-ல் ஃபிராய்டு இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 'நார்சிஸிஸ ஆளுமைக் கோளாறு' என்று இடம் பெற்றது. அதன் இன்றைய பதிப்பில் ஒன்பது அடையாளங்கள் உள்ளன. குறைந்தது ஐந்து பொருந்தினால்தான் அந்தப் பெயரைச் சூட்டலாம். உலக சுகாதார நிறுவனமோ 2022-ல் நடைமுறைக்கு வந்த தன் புதிய பட்டியலில் இந்தப் பெயரைத் தனி நோயாக வைத்துக்கொள்ளவில்லை. ஆளுமைக் கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று முதலில் பார். பிறகு குணத்தின் போக்குகளைக் குறித்துக்கொள் என்கிறது. உலகின் ஒரு பாதி பெயரை எடுத்துவிட்ட காலத்தில் நம் விடுதி அதை எடுத்துக்கொண்டிருக்கிறது!

நிற்க. நம் கதைக்கு வருவோம்.

டில்லியில் உளமருத்துவப் பயிற்சியில் நான் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வெளிநோயாளர் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை. மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்புகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. சீட்டுக்குப் பின்னால் அவர் வந்தார். ஐம்பதைக் கடந்த வயது, தேய்த்து மடித்த சட்டை, பையில் இரண்டு பேனா. பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பையன்களைத் தயார் செய்யும் பயிற்சி நிலையம் ஒன்றில் பௌதிக ஆசிரியர். எல்லோரும் அவரை மாஸ்டர்ஜி என்றே அழைப்பார்களாம்; நானும் அப்படியே அழைத்தேன். பத்து ஆண்டுகள் அந்த நிலையத்தின் விளம்பரப் பலகைகளில் அவருடைய படம் இருந்தது. அந்த ஆண்டு அதை இறக்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு பாடம் நடத்தும் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரின் படத்தை ஏற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. படம் மட்டும் போயிற்று. மாஸ்டர்ஜி படுக்கையில் விழுந்தார்.

இத்தகைய மனிதர்கள் 'எனக்குத் தற்பெருமை அதிகம், குணப்படுத்துங்கள்' என்று கேட்டு எந்த ஆஸ்பத்திரிக்கும் வருவதில்லை. பதவி உயர்வு தவறியபோதும், மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோதும், முகம் தளர்ந்து வயது தெரியத் தொடங்கியபோதும், மனச்சோர்வு என்ற வாசல் வழியாகவே வருகிறார்கள். உள்ளே வந்த பிறகுதான் அந்த வாசலுக்குப் பின்னால் இருக்கும் வீடு தெரிகிறது.

முதல் நாள் அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்தார், பெரிய டாக்டர் பின்னால் வருகிறாரோ என்று. நான்தான் என்றதும், "பயிற்சி மாணவியா?" என்றார். பிறகு எந்த ஊர், எந்தக் கல்லூரி, பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் என்று வரிசையாகக் கேட்டார். நானும் பதில் சொன்னேன்! யார் நோயாளி, யார் மருத்துவம் செய்பவர் என்பது பத்தே நிமிடத்தில் புரண்டுவிட்டது.

நான் பேசிய ஹிந்தி அவருக்கு வாய்த்த நல்ல ஆயுதம். தமிழ் நாட்டிலிருந்து இங்கு வந்த நம் எல்லோருக்கும் தெரிந்த துன்பம்தான். மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பால் பார்த்துப் பேச வேண்டிய மொழி அது. நான் வாக்கியத்தை முடிக்குமுன் அவர் திருத்துவார். உருக்கமாக ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் முகத்தை நோக்குவேன். அவரோ என் வினைச்சொல்லின் விகுதியைத் திருத்திக்கொண்டிருப்பார். எனக்கு அவர் 'ஆப்'. அவருக்கு நான் 'தும்'. வாரந்தோறும் புதன்கிழமை பதினொரு மணி நெருங்கினால் எனக்குத் தலைவலி வரத் தொடங்கியது. அவர் வரவில்லை என்று செய்தி வந்த ஒரு புதன்கிழமை நான் கான்டீனுக்குப் போய் இரண்டு சமோசா வாங்கித் தின்றதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏழாவது சந்திப்பில் அது நேர்ந்தது. அன்று அவர் வரும்போதே கடுகடுப்பாக இருந்தார். அந்த இளைஞருக்கு நிலையத்தில் பாராட்டு விழா நடந்ததாம். நான் அதைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என் வியாதியைப் பற்றி உன் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? இல்லை, அந்தப் பாடம் இன்னும் உனக்கு நடக்கவில்லையா?" என்றார்.

பாடம் நடந்திருந்தது. நன்றாகவே மனப்பாடம் ஆகியிருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து நோயின் பெயரைச் சொன்னேன். ஒன்பது அடையாளங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பித்தேன். தன்னைப் பெரிதாக எண்ணுதல், ஓயாமல் புகழை நாடுதல், பிறர் துன்பம் உணராமை, பொறாமை, இறுமாப்பு. ஒப்பித்து முடித்து, "ஒன்பதில் ஏழு உங்களுக்குப் பொருந்துகிறது" என்றேன். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. "ஒன்பதுக்கு ஏழா?" என்று மெல்லக் கேட்டார். மதிப்பெண் கேட்கும் மாணவனின் குரல் அது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமலே கதவைத் தடவித் திறந்துகொண்டு போய்விட்டார்.

அன்று மாலை எங்கள் பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், ஏதோ வீரச் செயல் புரிந்தவள் போலத்தான் சொன்னேன். அவர் என்னைக் கடியவில்லை.

"நீ சொன்னது தவறு என்று நினைக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை, மேடம். ஏழும் பொருந்தும். குறித்து வைத்திருக்கிறேன்."

"பொருந்தும். ஆனால் அதை அவருக்காகச் சொன்னாயா, உனக்காகச் சொன்னாயா?"

நான் பேசாமல் இருந்தேன். அவர் என்னிடம் 2005-ல் வெளியான ஓர் ஆய்வைப் படிக்கக் கொடுத்தார். பல மருத்துவர்களிடம், குறிப்பிட்ட நோயாளியைப் பார்க்கும்போது உங்கள் உள்ளத்தில் என்ன எழுகிறது என்று கேட்டுத் தொகுத்திருந்தார்கள். இவ்வகை நோயாளிகளைப் பார்ப்பவர்கள் சொன்னவை என்ன தெரியுமா? கோபம், மனக்கசப்பு, அவர் வரும் நாளை எண்ணி அச்சம், தாம் மட்டம் தட்டப்படுகிறோம் என்ற உணர்ச்சி, கவனம் சிதறுதல், எப்படியாவது இவரை ஒழித்துக்கட்டிவிட்டால் போதும் என்ற ஆசை. என் புதன்கிழமைத் தலைவலியும் சமோசாவும் அச்சில் இருந்தன! மருத்துவர் உள்ளத்தில் எழும் இந்த எதிரொலியை வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது, நோயாளி மேல் கொட்டவும் கூடாது. அதுவே நோயைப் பற்றிய சேதி என்றார் பேராசிரியை. "அவர் உன்னை எப்படி உணரச் செய்கிறாரோ அப்படித்தான் அவர் தம் உள்ளத்தில் ஓயாமல் உணர்ந்துகொண்டிருக்கிறார். சின்னவள், தெரியாதவள், எந்த நேரமும் பிழை பிடிக்கப்படுபவள். அதைத் தாள முடியாமல் உன் கையில் கொடுத்தார். நீ அதை வாங்கித் திருப்பி அவர் முகத்திலேயே எறிந்தாய்."

அந்த வாரம் இரவெல்லாம் இரண்டு அறிஞர்களைப் படித்தேன். ஹைன்ஸ் கோஹட் 1913-ல் பிறந்தவர். ஆட்டோ கெர்ன்பெர்க் 1928-ல் பிறந்தவர். இருவருமே வியன்னா நகரத்து யூதர்கள். 1939-ல் நாஜிகளிடமிருந்து தப்பி வெளியேறியவர்கள். இந்த நோயைப் பற்றி எழுதி, கடைசிவரை ஒத்துப்போகாதவர்கள். கெர்ன்பெர்க் சொல்வது இது: இந்தப் பெருமித உருவம் ஒரு கோட்டைச் சுவர், அதற்குள்ளே பசியும் ஆத்திரமும் பொறாமையும் அடைந்து கிடக்கின்றன, நோயாளி உன்னை இகழும்போது அதைப் புன்சிரிப்போடு விழுங்கிவிடாதே, இங்கே இப்போது என்ன நடக்கிறது என்பதை நிதானமாகச் சொல்லிக் காட்டு, எல்லையை விட்டுக்கொடுக்காதே. கோஹட்டின் நூல் 1971-ல் வந்தது. அவர் கூறுவது வேறு: குழந்தை தான் செய்த சிறு வித்தையைக் காட்டும்போது தாயின் கண்ணில் ஓர் ஒளி தோன்ற வேண்டும், அது தோன்றாமற் போன இடத்தில் வளர்ச்சி நின்றுவிட்டது, இவர் புகழுக்கு அலைவது அந்த ஒளியைத் தேடித்தான், அதைக் குற்றமாகப் பார்க்காமல் முதலில் புரிந்துகொள். மருத்துவர் எப்படியும் எங்கேயாவது தவறுவார், நோயாளி அதனால் காயப்படுவார். அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டு, காயத்தைப் புரிந்துகொண்டு பேசும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு செங்கல் ஏறுகிறது என்பது கோஹட்டின் நம்பிக்கை.

எனக்கு இருவரும் சரி என்று பட்டது. மாஸ்டர்ஜி என் இளமையை வெறுத்தார். அந்த இருபத்தெட்டு வயது இளைஞரை நான் அவருக்கு நினைவூட்டினேன். அங்கே கெர்ன்பெர்க் சரி. ஆனால் "ஒன்பதுக்கு ஏழா?" என்ற அந்தக் குரலுக்குக் கெர்ன்பெர்க்கிடம் எனக்கு விடை கிடைக்கவில்லை.

நான்காம் நாள் எங்கள் துறைக்கு மாஸ்டர்ஜியின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். "பேட்டி, அவர் சாப்பிடவில்லை. யாரோடும் பேசவில்லை. இரவெல்லாம் மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்" என்றார். என் கை நடுங்கியது. இவர்களைத் தோல் தடித்தவர்கள் என்றே உலகம் நினைக்கிறது. தோல் தடித்த வகை, மெலிந்த வகை என்று இரண்டு உண்டென ரோசன்ஃபெல்ட் என்பவர் 1987-ல் எழுதினார். ஆனால் ஒரே மனிதரிடத்தில் இரண்டும் மாறி மாறி வருவதே பெரும்பாலும் நாம் காண்பது. அவமானம் நேர்ந்த சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இவர்களுக்குத் திடீரென்று எழக்கூடும். முன்கூட்டி அழுது புலம்பி அறிவிக்க மாட்டார்கள். உதவி கேட்பதே அவர்களுக்கு இன்னொரு அவமானம் அன்றோ?

பேராசிரியை தொலைபேசியை வாங்கி மாஸ்டர்ஜியிடம் கொடுக்கச் சொன்னார். சுற்றி வளைக்காமல், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேரே கேட்டார். நேரே கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அப்படி முளைப்பதில்லை, கேட்பதே பாதுகாப்பு. உங்கள் அறைத் தோழனிடம் கேட்க வேண்டிய நாள் வந்தால் நீங்களும் நேரே கேளுங்கள். மறுமுனையில் வெகுநேரம் மௌனம். பிறகு "ஆம்" என்ற பதில் வந்தது. மாத்திரைகள் மனைவியின் பொறுப்புக்குப் போயின. அன்றே மைத்துனர் அழைத்து வந்தார், மருத்துவர் பார்த்தார், பத்து நாட்கள் வார்டில் தங்கினார்.

மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் இரவெல்லாம் மனத்தில் ஒத்திகை பார்த்துவைத்த ஹிந்தி வாக்கியங்கள் எல்லாம் பறந்துவிட்டன. "மாஸ்டர்ஜி, அன்று நான் அதைக் கோபத்தில் சொன்னேன். உங்களுக்கு உதவுவதற்காகச் சொல்லவில்லை. அது மேரா கல்தீ" என்றேன். என் தவறு என்று பொருள்.

"மேரீ" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "கல்தீ பெண்பால்."

"மேரீ கல்தீ" என்றேன்.

சற்று நேரம் கழித்துத் திரும்பினார். "முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். என்னிடம் யாரும் இப்படி ஒப்புக்கொண்டதில்லை. நானும் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை" என்றார். அடுத்த புதன்கிழமையிலிருந்து மீண்டும் சந்திக்கத் தொடங்கினோம்.

பிறகு ஓராண்டுக்கும் மேலாக நடந்ததை ஓர் அற்புதம் போல எழுதினால் அது பொய்யாகும். இந்த ஆளுமைக் கோளாற்றுக்கென்று மாத்திரை கிடையாது. உடன் வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மாத்திரை. எந்தப் பேச்சுச் சிகிச்சை சிறந்தது என்று தீர்த்துச் சொல்லும் அளவுக்கு ஆராய்ச்சியும் நடைபெறவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் மிகச் சிறிய வேலைகள். அவர் என்னை மட்டம் தட்டும்போது, "மாஸ்டர்ஜி, சற்று முன் என்ன நடந்தது? நான் எதையோ கேட்டேன், அதன் பின்தான் இது வந்தது" என்று நிறுத்துவேன். முதலில் எரிந்து விழுவார். ஐந்தாறு மாதங்கள் சென்றபின் சில வேளைகளில் அவரே நிறுத்தி, "மகன் போன் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அங்கேதான்" என்பார். பௌதிக ஆசிரியர் ஆகையால் காரணத்தையும் காரியத்தையும் கோத்துப் பார்ப்பதில் அவருக்கு இன்பம் உண்டு. அந்த இன்பத்தை நான் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டேன். அவர் சிறப்பாகச் சொன்னால் சிறப்பு என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். புகழ்ந்தால் நோய் வளரும் என்று முன்பு அஞ்சி வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தேன். பசித்தவனுக்குச் சோறு போட்டால் பெருந்தீனிக்காரன் ஆகிவிடுவான் என்பது போன்ற அச்சம் அது.

ஒரு நாள் அவர் தம் தகப்பனாரைப் பற்றிப் பேசினார். விருந்தினர் வந்தால் ஐந்து வயதுப் பையனை மேசைமேல் ஏற்றிப் பத்தொன்பதாம் வாய்பாடு சொல்லச் சொல்வாராம். 'இந்த ஊரிலேயே இவனைப் போல மூளை எவனுக்கும் இல்லை' என்பாராம். ஏழாம் வகுப்பில் ஒரு தேர்வில் பையன் இரண்டாம் இடத்துக்கு இறங்கினான். தகப்பனார் திட்டவில்லை, அடிக்கவில்லை. இரண்டு வாரங்கள் அவனோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் பார்க்காமலே தள்ளினாராம். இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர்ஜி, "விளம்பரப் பலகையிலிருந்து படத்தை இறக்கியபோது எனக்கு அந்தத் தட்டின் சத்தம் கேட்டது" என்றார். அதற்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அன்று அவர் என் ஹிந்தியைத் திருத்தவும் இல்லை.

நெதர்லாந்தில் 565 குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் தொடர்ந்து கவனித்து எழுதிய ஓர் ஆய்வு 2015-ல் வெளியாயிற்று. 'என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உயர்ந்தவன், தனிச் சலுகைக்கு உரியவன்' என்று பெற்றோர் எண்ணிய இடத்தில் குழந்தையிடம் தற்பெருமை வளர்ந்தது. அன்பும் அணைப்பும் காட்டிய இடத்தில் தன்மதிப்பு வளர்ந்தது. உயர்ந்தவன் என்பது வேறு, எனக்கு வேண்டியவன் என்பது வேறு. இதைப் படித்த அன்று எனக்கு என் ஊர்ப் பேருந்து நிலையம் நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் நான் முதலிடம் பெற்றபோது என் படத்தைப் போட்டு அங்கே ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். அப்பா வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டு தினந்தோறும் அதன் கீழே ஒரு முறை நடந்து போவார். மழையில் அது கிழிந்து தொங்கியபோது எனக்கு ஏற்பட்ட துக்கம் சிரிப்புக்குரியதன்று. டில்லிக்கு வந்த பின் என் பேச்சைக் கேட்டு யாராவது புருவத்தை உயர்த்தினால், அந்தப் பதாகை மறுபடியும் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஏழாவது சந்திப்பில் மாஸ்டர்ஜி தொட்டது அங்கேதான். ஆனால் ஒன்று: பன்னிரண்டாம் வகுப்பில் என் மதிப்பெண் குறைந்த நாளில் அப்பா பேசாமல் இருக்கவில்லை. சந்தையிலிருந்து நுங்கு வாங்கி வந்து, தாமே தோலுரித்துக் கொடுத்தார். எனக்கும் மாஸ்டர்ஜிக்கும் இடையில் இருந்த தொலைவு அந்த நுங்கு அளவுதான் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் சிலர், "அவரிடம் அகப்பட்டுத் துன்புற்றவர்கள் கதி என்ன?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். ஆவிட்டின் கதையில் எக்கோ என்ற பெண்ணும் இருக்கிறாள். பிறர் பேசியதன் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்வதைத் தவிர அவளால் ஒன்றும் பேச முடியாது. நார்சிஸஸை விரும்பி, அவனால் தள்ளப்பட்டு, உடல் தேய்ந்து குரல் மட்டும் மிஞ்சினாள். மாஸ்டர்ஜியின் மனைவியை முதன்முதல் பார்த்தபோது அவரும் அப்படித்தான் பேசினார். கணவர் சொன்னதின் கடைசிச் சொல்லை ஒட்டி, "ஆமாம், சொல்லவில்லை", "ஆமாம், இல்லை." அவருக்கென்று தனியாக வேறொரு ஆலோசகரை ஏற்பாடு செய்தோம். அவர் கணவரைக் குணப்படுத்தும் வேலையை அவர்மேல் சுமத்தவில்லை. நீங்களும் சுமக்காதீர்கள். உங்களை இழிவுபடுத்துபவர் நோயாளியாகவே இருக்கட்டும். எட்டி நிற்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காக அவருக்கு ஒரு நோயின் பெயரை வைத்துவிட்டுத்தான் எட்டி நிற்க வேண்டும் என்பதும் இல்லை. புரிந்துகொள்வது மருத்துவருடைய தொழில். அதற்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்ற வரம்பு உண்டு, நடுவில் ஒரு மேசை உண்டு, பின்னால் ஒரு பேராசிரியை உண்டு. இவை ஒன்றும் இல்லாமல் இருபத்திநாலு மணி நேரமும் அவரோடு வாழ்பவர் என்ன செய்வார்?

மாஸ்டர்ஜி குணமாகிவிட்டாரா? இன்றும் தேநீர் கொண்டு வரும் பையனிடம் அதிகாரமாகத்தான் பேசுகிறார். அந்த இளைஞரின் பெயரை இதுவரை ஒரு முறையும் உச்சரித்ததில்லை. ஆனால் தூங்குகிறார், வகுப்புக்குப் போகிறார், பலகையில் படம் இல்லாத ஆசிரியர்களில் ஒருவராக, சிறு வகுப்புப் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறார். மனைவியிடம் கேட்டேன். "முன்பெல்லாம் கத்தினால் மூன்று நாள் முகம் கொடுக்க மாட்டார். இப்போது அரை மணி நேரத்தில் வந்து டீ இருக்கிறதா என்று கேட்கிறார்" என்றார். மூன்று நாள் அரை மணியாகச் சுருங்கியிருக்கிறது. எங்கள் பதிவேட்டில் இதை எழுதத் தனிக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பொங்கலுக்கு ஊர் போய்த் திரும்பிய வாரம். வட நாட்டு மூடுபனி நீங்கள் அறிந்ததே. நான் வந்த ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். ஸ்டேஷனிலிருந்து விடுதிக்குப் போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாஸ்டர்ஜி வந்து அமர்ந்து, தம் வாரத்துக் கதையைத் தொடங்குவதற்கு முன் என்னை உற்றுப் பார்த்தார். "களைத்துப் போயிருக்கிறாயே? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்றார். பதினைந்து மாதங்களில் அவர் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. மதிப்பெண் விசாரணையை இதில் சேர்க்கவில்லை.

நான் தடுமாறிவிட்டேன். "எல்லோரும் சௌக்கியம், மாஸ்டர்ஜி. ட்ரேன் லேட் ஆயா" என்றேன்.

"ஆயீ" என்றார்.

இருவரும் சிரித்துவிட்டோம்.

வரும் ஜூன் மாதத்தில் என் பயிற்சி முடிகிறது. என் இடத்துக்கு வரப்போகும் மாணவரிடம் மாஸ்டர்ஜியை ஒப்படைக்க வேண்டும். அதைச் சொன்ன நாளில் அவர் முகம் பழைய முகம் ஆயிற்று. "நல்லது, ஹிந்தி தெரிந்தவனாக அனுப்புங்கள்" என்று வெடுக்கென்று சொன்னார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, தாம் ஏன் வரவில்லை என்பதைத் தாமே சொன்னார். அதன் பின்னரே இந்தக் கட்டுரைக்கு அனுமதி கேட்டேன். பெயர் வராது, ஊர் வராது, எங்கள் தமிழ்ச் சங்க மலரில் தமிழில் வரும், உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் படிக்க வாய்ப்பில்லை, வேண்டாம் என்றால் எழுத மாட்டேன் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். வெகுநேரம் யோசித்தார்.

"எத்தனை பக்கம்?" என்றார்.

"ஆறேழு பக்கம் வரும், மாஸ்டர்ஜி."

"முதல் கட்டுரையா?"

"அது ஆசிரியர் குழுவின் கையில் இருக்கிறது."

"அந்த 'மேரீ கல்தீ'யை எழுதுவாயா?"

"நீங்கள் சம்மதித்தால் எழுதுகிறேன்."

"எழுது" என்றார். எழுந்து கதவுவரை போய் நின்று, "ஆனால் திருத்தியது நான் என்று போடு" என்றார்.